பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஒட்டு நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பசையைத் தேர்ந்தெடுக்கும் முறை

பழைய கையடக்க ரேடியோக்களைப் பழுதுபார்க்கும்போது மின்சுற்றில் வரும் கோளாறுகளைவிட உடைந்த பெட்டி, கிழிந்த ஸ்பீக்கர், கழன்ற குமிழ் ஆகியவையே அதிக நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. கையில் கிடைத்த பசையை வைத்து ஒட்டிவிட்டு, சில வாரங்களில் அதே இடம் மறுபடி பிளந்ததும் இன்னும் "வலுவான" பசையைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குறை பசையின் வலுவில் இருப்பதில்லை. ஒட்டப்படும் பொருள் எது, அந்த இடத்தில் விழும் விசை எப்படிப்பட்டது, அந்தப் பாகத்தை நாளை மறுபடி கழற்ற வேண்டியிருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் பசையைத் தொட்டதுதான் குறை. கீழே உள்ள வழிமுறை அறிகுறிகளின்படி அமைந்திருந்தாலும், எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பொருளை அடையாளம் கண்டுவிடுவது நல்லது.

முதல் வேலை: பெட்டி எந்தப் பிளாஸ்டிக்?

1954-ல் வெளிவந்த ரீஜென்சி டிஆர்-1 ரேடியோவின் பெட்டி பாலிஸ்டைரீனால் ஆனது. அடுத்த ஆண்டு வந்த ஜெனித் ராயல் 500-இன் பெட்டியோ நைலான். இரண்டும் சட்டைப்பையை நோக்கி வடிவமைக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரே காலத்து ரேடியோக்கள். ஆனால் ஒன்றில் அருமையாகப் பிடிக்கும் கரைப்பான் பசை (பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டுவது) மற்றொன்றில் துளியும் பிடிக்காது. ஆகவே ரேடியோவின் வயதையோ தோற்றத்தையோ வைத்துப் பிளாஸ்டிக்கை ஊகிக்க முடியாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. பேட்டரி அறையின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையில், அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியைச் சில நொடிகள் வைத்து எடுக்கவும். இடம் பிசுபிசுத்து, பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு வந்தால், அது பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், அக்ரிலிக், செல்லுலோஸ் அசிட்டேட் ஆகியவற்றில் ஒன்று. இவை கரைப்பானுக்கு இளகும் இனம். எந்த மாற்றமும் இல்லையென்றால் நைலான், பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் அல்லது பேக்கலைட் (சூட்டில் இளகாத, கடினமான பழங்காலப் பிளாஸ்டிக்) என்று கொள்ளலாம். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரில் மிதக்கும், மற்றவை மூழ்கும் என்பதால், உடைந்த சிறு துண்டு கிடைத்தால் அடுத்த கட்டமும் எளிதுதான். பேக்கலைட்டை அதன் கனத்தையும், துணியால் வேகமாகத் தேய்த்துச் சூடேறியதும் எழும் கார்பாலிக் வாடையையும் கொண்டு இனம் காணலாம். விரல் நகத்தால் தட்டும்போது பாலிஸ்டைரீன் கணீரென்று ஒலிக்கும், நைலான் மங்கலாக ஒலிக்கும். பழகிய காதுக்கு இதுவே போதும், ஆனால் தொடக்கத்தில் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

அறிகுறி: ஒட்டிய இடமே மறுபடி பிளக்கிறது

பிளந்த முகங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும். பசைப் படலம் முழுவதும் ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணாடிபோலத் தங்கி, மறுபக்கம் சுத்தமாக இருந்தால், பசை அந்தப் பொருளைப் பிடிக்கவே இல்லை. எண்ணெய்ப்பசை, பழைய மெழுகு, பேட்டரிக் கசிவின் உப்பு ஆகியவற்றில் ஒன்று அங்கே இருந்திருக்கலாம். அல்லது அந்தப் பிளாஸ்டிக்கே அந்தப் பசையை ஏற்காததாக இருக்கலாம். படலம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் கிழிந்திருந்தால், பிடிப்பு நன்றாக இருந்தும் பசை அந்த விசையைத் தாங்கவில்லை என்று பொருள். ஒட்டிய கோடு அப்படியே நின்று, அதற்குப் பக்கத்திலேயே புதிதாகப் பிளாஸ்டிக் உடைந்திருந்தால், ஒட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த இடத்துக்கு வேண்டியது உள்பக்கமிருந்து ஒரு தாங்குபட்டை. வேறு பசை அல்ல.

சூப்பர் குளூ என்று நாம் சொல்லும் சயனோஅக்ரிலேட் இந்த மூன்று வகையிலும் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. நேராக இழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும் அது, உரிக்கும் விசையையும் திடீர் அடியையும் தாங்காது. கைப்பிடி, மூடி, மூலை போன்ற இடங்களில் விழும் விசை இந்தக் கடைசி இரண்டு வகையே. சயனோஅக்ரிலேட் பசை 1958-ல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே 1950-களின் நடுவில் செய்யப்பட்ட ரேடியோவில் கடினமான, ஒளி ஊடுருவும், நொறுங்கும் படலம் தெரிந்தால், அது தொழிற்சாலை வைத்தது அல்ல, பின்னாளில் யாரோ ஒட்டியது. அதை முழுவதும் சுரண்டி எடுக்காமல் மேலே எதைத் தடவினாலும், புதிய பசை பழைய பசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் பெட்டிகளில் நீளமான விரிசலுக்கு என் முதல் தேர்வு எப்போதும் கரைப்பான் பசைதான். மெத்தில் எத்தில் கீட்டோன், அல்லது பிளாஸ்டிக் மாதிரி வடிவங்கள் செய்வோர் பயன்படுத்தும் நீர்த்த கரைப்பான் பசை, இரண்டு முகங்களையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. காய்ந்த பின் நடுவில் பசை என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. விரிசலை மூடிப் பிடித்துக்கொண்டு, உள்பக்கமிருந்து மெல்லிய தூரிகையின் நுனியால் கோட்டைத் தொட்டால் போதும், திரவம் தானே விரிசல் முழுக்க ஓடிவிடும். சில நொடிகள் பொறுத்து மெதுவாக அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்கு வெளிப்பக்கம் பிதுங்கும். அதைத் துடைக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு சீவி, ஈர உப்புத்தாளால் சமன் செய்யலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விரிசலைச் சேர்த்துப் பிடிக்க வெளிப்பக்கம் ஒட்டும் டேப் எதையும் கோட்டின் குறுக்கே ஒட்டக் கூடாது. கரைப்பான் டேப்பின் அடியில் ஊர்ந்து பரவி, டேப்பின் அகலத்துக்கு மேற்பரப்பைக் குழைத்துவிடும். கவ்விகளையோ ரப்பர் வளையங்களையோ கோட்டுக்குத் தள்ளி வைத்துப் பிடிக்கவும். ஒரு முழு நாள் கழியும்வரை அந்த இடத்துக்குப் பளு வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, தீ அருகில் இல்லாமல், கையுறையோடு இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

நைலான் பெட்டியில் இவை எதுவும் செல்லாது. இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கி, மெதுவாக இறுகும் எப்பாக்சியோடு (பிசினையும் இறுக்கியையும் கலந்து பூசும் பசை) உள்பக்கம் ஒரு தாங்குபட்டையையும் சேர்த்தால் ஓரளவு நிற்கும்; அந்தப் பட்டையைச் சிறு திருகுகளாலும் பிணைத்தால் நம்பலாம். பேட்டரி மூடிகளில் வரும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் பாகங்களுக்கு, அவற்றுக்கென்றே விற்கப்படும் முன்பூச்சைத் தடவிய பின்தான் சயனோஅக்ரிலேட் பிடிக்கும். பேக்கலைட்டுக்கு மெதுவான எப்பாக்சியைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. பெட்டியின் நிறத்துக்கேற்பக் கறுப்பு அல்லது பழுப்பு நிறமிப் பொடியைக் கலந்தால் கோடும் மறைந்துவிடும். பேக்கலைட்டைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்து ஈரமாகவே தேய்க்கவும். அதில் கலந்துள்ள நிரப்புப் பொருள்களின் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

அறிகுறி: ஒட்டைச் சுற்றி வெண்மையான படலம்

இது சயனோஅக்ரிலேட்டின் ஆவி அருகில் படிந்து உறைந்ததால் வருவது. பசையை அதிகமாக விட்டு, காற்றோட்டமில்லாத இடத்தில் மூடி வைத்தால் இது நிச்சயம் வரும். பளபளப்பான கறுப்புப் பெட்டியில் அசிங்கமாகத் தெரிந்தாலும், மெல்லிய பாலிஷ் கொண்டு தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். டயலின் தெளிந்த முகப்பில் படிந்தால்தான் கவலை. எனவே ஒளி ஊடுருவும் பாகங்களுக்குச் சயனோஅக்ரிலேட்டைக் கொண்டுபோகவே வேண்டாம். தெளிவாகக் காயும் நீர்சார்ந்த வெள்ளைப் பசை மெதுவாக இறுகினாலும் எதையும் கெடுக்காது, பின்னாளில் நீக்கவும் முடியும். டயல் எழுத்துகள் பல ரேடியோக்களில் முகப்பின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், துடைக்கும் முன் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கவும். அசிட்டோன் ஒரே துடைப்பில் எழுத்துகளையும் எடுத்துவிடும், முகப்பையும் குழைத்துவிடும்.

அந்தப் படலத்தைவிட மோசமான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தண்ணீர்போன்ற சயனோஅக்ரிலேட் மிக நுண்ணிய இடுக்கிலும் ஏறும். நிலையம் மாற்றச் சுழலும் கேங் கண்டன்சரின் அருகிலோ, வால்யூம் கண்ட்ரோலின் அச்சருகிலோ, அலைப்பட்டையை மாற்றும் பேண்ட் சுவிட்சின் அருகிலோ ஒரு துளி விழுந்தால், அந்தப் பாகம் இனிச் சுழலாது. அத்தகைய இடங்களில் ஜெல் வகையையோ எப்பாக்சியையோ ஊசிமுனையால் வைக்க வேண்டும்.

அறிகுறி: மேற்பரப்பு குழைந்தோ நுண்விரிசல் விட்டோ போயிருக்கிறது

கரைப்பான் அதிகமாகிவிட்டதே குழைவுக்குக் காரணம். தொடாமல் விட்டு, முழுவதும் கெட்டியான பின் தேய்த்துச் சமன் செய்வதைத் தவிர வழியில்லை. அவசரப்பட்டு விரலால் தடவினால் விரல்ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

பசையே படாத இடத்தில் சிலந்தி வலைபோல் நுண்விரிசல்கள் தோன்றினால், சுத்தம் செய்யப் பயன்படுத்திய திரவத்தைச் சந்தேகிக்கவும். வார்ப்பின்போதே உள்ளே அழுத்தம் தங்கிய பாலிஸ்டைரீன், பெட்ரோல் அல்லது தின்னர் பட்டதும் இப்படி வெடிக்கும். பெயர்ப்பட்டையையும் உலோக வலைமுகப்பையும் ஒட்டப் பயன்படுத்தும் காண்டாக்ட் சிமெண்ட் பலவற்றில் டொலுயீன் இருக்கிறது. பாலிஸ்டைரீன் பெட்டியில் அதைத் தடவினால் முன்பக்கத்திலேயே பள்ளம் விழும். நீர்சார்ந்த காண்டாக்ட் பசையோ மெல்லிய இருபக்க டேப்போ அங்கே பாதுகாப்பானது.

மென்மையான பிவிசி ஒயரோ உறையோ பல ஆண்டுகள் பாலிஸ்டைரீன் பெட்டியைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், ஒயரின் வடிவிலேயே உருகிய தடம் பதியும். பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் வெளியேறிப் பெட்டிக்குள் இறங்குவதே காரணம். எண்ணெய் இறங்கிய அந்தத் தடத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. மென்மையான பகுதியைச் சீவி எடுத்த பிறகே நிரப்ப வேண்டும்.

அறிகுறி: எப்பாக்சி நாள்கணக்கில் பிசுபிசுக்கிறது

கலவை அளவு பிசகியது, போதிய அளவு கலக்காதது, குளிர் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். குளிர் என்றால் மட்டும் நம்பிக்கை உண்டு: 30–35 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வைத்தால் இறுகிவிடும். மற்ற இரண்டுக்கும், மேலே கூடுதலாக இறுக்கியைத் தடவிப் பயனில்லை. சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஐந்து நிமிட எப்பாக்சியை நான் பெட்டி வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை. வசதியானதுதான், ஆனால் ஒரு நாள் எடுத்துக்கொண்டு இறுகும் வகையின் உறுதி அதற்கு வராது.

அறிகுறி: பெட்டி மூடவில்லை, திருகு வழுக்கிச் சுற்றுகிறது

திருகு இறங்கும் பிளாஸ்டிக் தூண் பிளந்திருக்கும், அல்லது அடியோடு முறிந்திருக்கும். பழைய கையடக்க ரேடியோக்களில் மிக அதிகமாகக் காணப்படும் சேதம் இதுதான். பசையை மட்டும் நம்பினால் மிக விரைவில் ஏமாற்றுவதும் இதுவே. திருகை இறுக்கும்போது தூணை உள்ளிருந்து பிளக்கும் விசை எழுகிறது. மெல்லிய பசைக்கோடு அந்த விசைக்கு எதிராக நிற்காது.

முறிந்த துண்டு கைவசம் இருந்தால், முதலில் அதன் இடத்தில் உலர்வாகப் பொருத்தி, திசையைக் குறித்துக்கொண்டு, பெட்டியின் பிளாஸ்டிக்கிற்கு ஏற்ற பசையால் ஒட்டிக் காயவிடவும். பிறகு தூணின் வெளிச்சுற்றைச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் இறுக்கமாக நுழையும் ஒரு குழாய்த்துண்டைப் போட்டு, இடைவெளியில் மெதுவான எப்பாக்சியை நிரப்பவும். பிளக்கும் விசையை இனி அந்தக் குழாய் ஏற்கும். குழாய்க்கு இடமில்லையென்றால், தூணைச் சுற்றிப் பருத்தி நூலை நெருக்கமாக வரிந்து அதை எப்பாக்சியில் ஊறவிடுவதும் அதே பயனைத் தரும்.

திருகு வழி மட்டும் தேய்ந்திருந்தால், அதே பெட்டியின் உட்புறத்தில் தேவையற்ற ஒரு விளிம்பிலிருந்து சுரண்டிய துகள்களைக் கரைப்பானில் ஊறவைத்துக் கூழாக்கி, குழியில் நிரப்பலாம். ஏபிஎஸ் என்றால் அசிட்டோன், பாலிஸ்டைரீன் என்றால் மெத்தில் எத்தில் கீட்டோன். கூழ் காயும்போது சுருங்கும், ஆகவே இரண்டு மூன்று முறையாக நிரப்ப வேண்டும். மூடிய குழிக்குள் சிக்கிய கரைப்பான் வெளியேறப் பல நாள் ஆகும். அதற்குள் திருகைச் செலுத்தினால் பழைய கதைதான். எப்பாக்சியால் நிரப்புவதானால், திருகின் புரிகளில் மெழுகு தடவி அதை நட்டுவைத்து, இறுகிய பின் கழற்றினால், புரிவழி தானாகவே உருவாகியிருக்கும்.

அறிகுறி: குறிப்பிட்ட ஒலிகளில் ஸ்பீக்கர் நரநரக்கிறது

முதலில் பசை தேவையா என்று பார்க்கவும். கோனின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் விரல்நுனிகளை வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி விடவும். உரசும் சத்தம் கேட்டால், கோனோடு இணைந்த கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்த இடைவெளியில் தேய்கிறது. அதற்குப் பசை மருந்தல்ல. சத்தமில்லாமல் அசைந்தால், கோனில் கிழிசலையும், விளிம்பு இரும்புச் சட்டத்திலிருந்து பெயர்ந்திருக்கிறதா என்பதையும், நடுவிலுள்ள தூசிமூடி கழன்றிருக்கிறதா என்பதையும் விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்க்கவும்.

காகிதக் கோனின் கிழிசலுக்குச் சூப்பர் குளூவும் எப்பாக்சியும் கூடவே கூடாது. இறுகிய அந்தப் புள்ளி வளையாது. பக்கத்துக் காகிதம் வளைந்து வளைந்து அங்கே புதிதாகக் கிழியும். வெள்ளைப் பசையில் ஏறத்தாழ சம அளவு தண்ணீர் சேர்த்து, கிழிசலின் இரு உதடுகளையும் சேர்த்து, அதன்மேல் கிழிசலைவிடச் சற்றே அகலமான மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பின்பக்கமிருந்து ஒட்டுவது போதும். டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால், அதன் ஓர இழைகள் கோனோடு படிந்து, கனமான விளிம்பு உருவாகாது. பசை குறைவாகவே இருக்கட்டும். ஈரம் அதிகமானால் காகிதம் ஊறி, காயும்போது சுருங்கிக் கோனைக் கோணலாக்கும். விளிம்பு சட்டத்திலிருந்து பெயர்ந்திருந்தால் காய்ந்தும் வளையும் தன்மையுள்ள பசை வேண்டும். பழைய பசையைச் சுரண்டும் முன் காந்த இடைவெளிப் பக்கம் துகள் விழாதபடி மறைத்துக்கொள்ளவும்.

அறிகுறி: விழுந்த பிறகு நிலையங்கள் மெலிந்தோ இடம் மாறியோ கேட்கின்றன

உள்ளே ஆன்டெனாவாக வேலை செய்யும், காயில் சுற்றிய ஃபெரைட் தண்டு உடைந்திருக்கலாம். பீங்கான் இயல்புடைய அது வளையாமல் ஒடியும். ஒடிந்த முகங்கள் துல்லியமாகப் பொருந்தும் என்பது நமக்குச் சாதகம். இந்த ஓர் இடத்தில் சயனோஅக்ரிலேட்டே சிறந்தது, ஏனெனில் முகங்களுக்கிடையே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. காயிலின் மின்தூண்டல் அந்த இடைவெளியால் குறைந்து, டயலின் தாழ்ந்த முனையில் ஒத்திசைவு பிசகும். ஒரு துளி வைத்து, நெருக்கி அழுத்தி, பிதுங்கியதைத் துடைக்கவும்.

மேலே தாங்கல் தேவையென்றால் அட்டைக்குழாயோ பிளாஸ்டிக் குழாயோ போடலாம். உலோக வளையம் கூடாது. தண்டைச் சுற்றி மூடிய உலோக வளையம் குறுக்குச்சுற்றாக வேலை செய்து, ஏற்புத்திறனைக் கொன்றுவிடும். இரும்புத்தூளோ அலுமினியத்தூளோ கலந்த எப்பாக்சிக்கும் இங்கே இடமில்லை.

ஒட்டிய பின் காயிலைத் தண்டின்மேல் நகர்த்தி 600 கிலோஹெர்ட்ஸ் அருகிலும், டிரிம்மரை (நுண்திருத்தத்துக்கான சிறு கண்டன்சர்) திருப்பி 1400 கிலோஹெர்ட்ஸ் அருகிலும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சரியான இடம் கிடைத்ததும் காயிலைத் தேன்மெழுகால் மட்டும் நிறுத்தவும். தொழிற்சாலையும் அங்கே மெழுகு வைத்ததற்குக் காரணம் உண்டு: அடுத்து ரேடியோவைத் திறப்பவர் அதை மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும்.

அறிகுறி: பெட்டி நன்றாக இருந்தும் இரைச்சல், அலைவரிசை நழுவல்

1970-கள், 80-களின் ரேடியோக்களில் பெரிய கண்டன்சர்களையும் காயில்களையும் போர்டில் அசையாமல் பிடிக்க மஞ்சள் நிறப் பசை ஒன்று பயன்படுத்தப்பட்டது. முதுமையில் அது கரும்பழுப்பாகி, கெட்டியாகி, மின்சாரத்தைக் கசியவிடுவதோடு அருகிலுள்ள கம்பிக் கால்களையும் அரிக்கிறது. பழுப்புப் பசைக்குள் புதைந்த ஒரு கால் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால், மற்ற பாகங்களைச் சோதிக்கும் முன் அந்தப் பசையை எடுத்துவிடவும். மிதமான வெப்பக்காற்றால் இளக்கி, மரக்குச்சியால் நெம்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். அரித்த பாகத்தை மாற்ற வேண்டும். காயில்களின் மேலுள்ள நிறமற்ற மெழுகு வேறு, அதைத் தொட வேண்டாம்.

மறுபடி நிறுத்துவதற்குச் சிலிக்கான் ஏற்றது, ஆனால் காயும்போது வினிகர் வாடை வீசும் வகை செம்பை அரிக்கும் என்பதால், மின்னணு வேலைக்கான வாடையற்ற நடுநிலை வகையையே வாங்கவும். ஒயர்களை மட்டும் கட்டிவைக்கச் சூடான குச்சிப்பசை போதும். ஆல்கஹால் பட்டால் அது முழுசாகப் பெயர்ந்து வரும்.

குமிழ், டயல் கயிறு, தோலுறை

பிளந்த குமிழை அச்சின்மேல் வைத்தே ஒட்டினால் குமிழும் அச்சும் ஒன்றாகிவிடும். கழற்றி எடுத்து, உட்குழலைச் சுற்றி மெல்லிய கம்பியை வரிந்து எப்பாக்சி பூசவும். டயல் கயிற்றின் முடிச்சுக்கு நகப்பூச்சு ஒரு துளி.

மரப்பெட்டியின்மேல் செயற்கைத் தோல் போர்த்திய வால்வு காலத்துக் கையடக்க ரேடியோக்களில், துணி முதுகுள்ள தோலின் ஓரம் எழும்பியிருந்தால் வெள்ளைப் பசையே போதும். மரமும் துணியும் அதை நன்றாக உறிஞ்சும். தோலின் அடியில் துணி இல்லாமல் வெறும் பிவிசி இருந்தால் வெள்ளைப் பசை காய்ந்ததும் உரிந்து வரும், அங்கே காண்டாக்ட் பசை வேண்டும். ஸ்பீக்கர் துணியைப் பொறுத்தவரை, பசையைச் சட்டத்தில் மட்டும் தடவி, அது ஒட்டும் பதத்துக்கு வந்த பிறகு துணியைப் பதிக்கவும். ஈரமாகவே பதித்தால் பசை இழைவழியே முன்பக்கம் ஏறிக் கறையாகத் தெரியும்.